வீட்டில் பறவை உண்டா?

எங்கள் கோழிப் பண்ணைக்குள் மந்திரியே வந்தாலும் உடுத்திய துணியோடு நுழைய முடியாது. கேட்டை ஒட்டி ஒரு குளியல் அறை இருக்கிறது. இந்தப் பக்கக் கதவு வழியாகப் போய், எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டு, தலைக்கும் சேர்த்துக் குளித்து, அந்தப் பக்கக் கதவு வழியாகப் பண்ணை உடுப்பும் கம்பூட்ஸுமாக வெளியே வர வேண்டும். சாயங்காலம் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்கள், "இவ்வளவு குளிச்சா தோலே உரிஞ்சிடும்" என்று கிண்டலடிப்பார்கள். ஒரு வாரத்தில் வாய் அடங்கிவிடும். கோழிக்கு நோய் வந்தால் நமக்குச் சோறு இல்லை என்பது யாருக்கும் புரிகிற விஷயம்தான்.

இதைவிடக் கறாரான சட்டம் ஒன்று உண்டு. இங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் எந்தப் பறவையும் இருக்கக் கூடாது. கோழி, வாத்து, புறா, கிளி, எதுவும். வீட்டுப் பறவையின் கிருமி நம் உடம்போடு பண்ணைக்கு வரும், பண்ணைக் கிருமி நம்மோடு வீட்டுக்குப் போகும். வேலைக்குச் சேரும்போது என்னிடமும் கேட்டார்கள். இல்லை என்றேன். அன்றைக்கு அது சத்தியமான பேச்சு. அப்பா மைனா வளர்க்க ஆரம்பித்தது அதற்கெல்லாம் பின்னால்.

மூன்றாம் ஷெட்டுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு காலையில் உள்ளே போனபோது சத்தம் குறைவாக இருந்தது. முட்டைக்கோழி ஷெட் என்பது சந்தைக்கடை மாதிரி. அது ஓய்ந்தால்தான் பயப்பட வேண்டும். கூண்டுகளில் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. கொண்டைகள் நீலம் பாய்ந்திருந்தன. தீவனம் போட்டது போட்டபடி கிடந்தது. மறுநாள் அள்ள அள்ளச் செத்துக் கிடந்தன. அதற்கும் மறுநாள் அரசாங்கத்துக் கால்நடை டாக்டர் வந்து கேட்டில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார். டாக்டர் சொல்லாமல் உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. கோழி, முட்டை, தீவனம், வண்டி, மனிதர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிற ஆள். அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், சண்டை போடப் பிடியே கிடைக்காது. குளியல் அறை முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல பறவை உண்டா?"

இல்லை என்றவர்கள் குளித்துவிட்டு, போட்டிருந்ததை எல்லாம் இங்கேயே விட்டு, அவர்கள் கொடுத்த புதுத் துணியில் வீட்டுக்குப் போகலாம். பத்து நாளைக்கு எந்தப் பறவை இருக்கிற பக்கமும் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

எனக்கு முன்னால் தீவன லாரி டிரைவர் நின்றிருந்தார். அவர் ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் ஹாரன் அண்ணன் என்றுதான் எங்களுக்குப் பழக்கம்.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு டாக்டரம்மா," என்றார் அவர். "கண்ணு முழிச்சதுலேருந்து கொத்திக்கிட்டே இருக்கும். இருபது வருஷமா வச்சுக் காப்பாத்துறேன். அதையும் புடிச்சிட்டுப் போவீங்களா?"

வரிசையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "விளையாட்டு வேண்டாம்ணே. நிஜமா பறவை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நோய் வந்த ஷெட்டுக்குள்ள இருந்தவங்க தொட்ட பறவைன்னா அதுவும் நோய் வந்த பறவை மாதிரிதான். எடுத்துடுவோம்."

"எடுத்துட்டு?" என்று கேட்டது நான்.

"வலி இல்லாம முடிச்சிடுவோம்."

"டெஸ்ட் பண்ண மாட்டீங்களா?"

"பண்ணுவோம். முடிச்சதுக்கு அப்புறம்." என் முகத்தில் என்ன கண்டாரோ, கொஞ்சம் தணிந்து சொன்னார். "கேக்க கொடுமையாத்தான் இருக்கும். ஆனா ஒண்ண விட்டா அது அடுத்த பண்ணைக்குப் போகும். ரெண்டு பண்ணைல வந்துச்சுன்னா, இந்த நாட்டோட முட்டையே வேண்டாம்னு வெளிநாட்டுக்காரங்க வாங்குறத நிறுத்திடுவாங்க. திரும்ப வாங்க வைக்குறதுக்குள்ள உங்கள மாதிரி எத்தனையோ பேரு வேலை இல்லாம தெருவுல நிப்பாங்க."

அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

என் முறை வந்தது. உண்டு என்றால் வீட்டு வாசலில் வேன் போய் நிற்கும். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் நானே மைனாவுக்குக் கிருமியைக் கொண்டுபோய் ஊட்டுவேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் எப்படியோ ஓடியது.

"பறவை இல்ல மேடம். ஆனா நான் வீட்டுக்குப் போகல. கோழியெல்லாம் அழிக்கணும்ல? ஷெட்டு தெரிஞ்ச ஆளு ஒருத்தி கூட இருந்தா உங்களுக்கும் சுலபமா இருக்கும்."

டாக்டர் முதல் தடவையாக என்னை நன்றாகப் பார்த்தார். "எல்லாரும் எப்படா ஓடலாம்னு நிக்கிறாங்க. நீங்க இருக்கேன்னு சொல்றீங்களே, ரொம்ப நல்ல மனசு அக்கா," என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹாரன் அண்ணனும் தங்கினார். அவர் லாரி உள்ளே மாட்டிக்கொண்டது. முழுக்கக் கழுவிக் கிருமி நீக்கும் வரை அதை விட மாட்டார்கள். லாரியை விட்டுவிட்டு அவர் போக மாட்டார். மற்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு கேட் பக்கக் கதவு வழியாக வெளியே போனார்கள்.

மைனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். நெரிசலான பஸ்ஸில் முன்னால் நின்றுகொண்டு கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பி இறக்கிவிடுகிற தொண்டை. அம்மா இருந்தவரைக்கும், "வீட்டுக்குள்ளயும் டிக்கெட் கேக்காதீங்க, மெதுவாப் பேசுங்க" என்று அதட்டிக்கொண்டே இருப்பாள். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுதான் குளறியது. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரம் கடைக்குப் போய் ஏதோ கேட்டிருக்கிறார். கடைக்காரருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவன் குடித்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். அன்றைக்கு வாயை மூடியவர்தான். என்னிடமும் தலையாட்டல், கைச்சாடை, அவ்வளவுதான். பேசப் பேசத்தான் சரியாகும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வாயத் தொறந்து கேட்டாத்தான் தருவேன்" என்றுகூட நின்றேன். அவர் எழுந்துபோய்ப் பட்டினியாகப் படுத்துக்கொண்டார். அந்த இரவை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அப்புறம் ஒரு மழைநாளில் எங்கள் பால்கனியில் ஒரு மைனாக் குஞ்சு விழுந்து கிடந்தது. இறகுகூட முளைக்காத, வாய் மட்டுமே உள்ள ஒரு ஜென்மம். நான் வேலை விட்டு வந்தபோது அப்பா அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "அப்பா, இது கூடவே கூடாது, என் வேலைக்கு ஆப்பு" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு நாள் கழித்து நான் சமையலறையில் நின்றபோது பால்கனியிலிருந்து ஒரு குரல் கேட்டது. குளறலாக, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் அதே தொண்டை. அப்பா குஞ்சிடம் பேசிக்கொண்டிருந்தார். தான் ஓடிய பஸ் ஸ்டாப்பெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு அந்தக் குஞ்சை எடுத்து வெளியே போடு என்று சொல்ல எந்த மகளுக்கு மனசு வரும்?

மைனா வளர்ந்தது. பேசவும் கற்றுக்கொண்டது. அப்பாவின் குளறலோடேயே கற்றுக்கொண்டதுதான் கூத்து. "யாரு வந்துருக்கா?" என்று அது கேட்டால் அப்பா கேட்கிற மாதிரியே வழுக்கிக்கொண்டு வரும். அதனிடம் அவருக்கு வெட்கமில்லை. நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அதனால் நான் போய் நிற்பதில்லை.

கோழி அழிப்பு ஆரம்பித்தது. வெளியிலிருந்து வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். நாங்கள் கோழிகளைக் கூண்டிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிகளில் வைக்க வேண்டும். அவர்கள் மூடி வாயுவைத் திறப்பார்கள். கொஞ்ச நேரம் படபடவென்று இறக்கைச் சத்தம். அப்புறம் ஒன்றும் இருக்காது. என் ஷெட்டுக் கோழிகள் என்னைக் கண்டால் தீவனம் என்று நினைத்துக் கழுத்தை நீட்டும். நோய் தொடாத வரிசைகளில் அன்றைக்கும் நீட்டின. நீட்டிய கழுத்தோடேயே எடுத்துப் பெட்டியில் வைத்தேன். மொத்தப் பண்ணையிலும் நாற்பதாயிரம் கோழிக்கு மேல். ஒரு மைனாவைக் காப்பாற்ற இத்தனையையும் என் கையால் வாரிக் கொடுக்கிறேனே என்று மனசு கேட்டது.

"தங்கச்சி, கோழி எண்ணி எண்ணி எனக்குத் தூக்கமே போச்சு," என்றார் ஹாரன் அண்ணன். நாங்கள் தங்கியிருந்த பழைய முட்டை அறையில் ரெண்டு கட்டில், நடுவில் ஒரு தார்ப்பாய். ஜன்னல்களை எல்லாம் பிளாஸ்டிக் வைத்து அடைத்திருந்தார்கள். கிருமிநாசினி நெடி கண்ணைக் கரித்தது. "உனக்கு என்ன வந்துச்சு? உன்ன யாரு புடிச்சு வச்சா? வீட்டுக்குப் போயி நிம்மதியா படுக்க வேண்டியதுதானே?"

"உங்க குறட்டையக் கேக்காம எனக்குத் தூக்கம் வராதுண்ணே," என்று பூசி மெழுகினேன்.

வீட்டில் அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். அவரும் கொல்லையில் கொஞ்சம் கோழி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் அவர் போனில் வீடியோ போடுவார். அப்பா தலையாட்டுவார், நான் பேசுவேன். பண்ணையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகப் பறவைக் கணக்கு எடுக்க ஆள் வந்ததை அக்காதான் சொன்னார்.

"எங்க கோழியெல்லாம் பதிஞ்சுட்டாங்கடி. வெளிய விடாம அடைச்சு வச்சா போதும், ஒண்ணும் பண்ண மாட்டோம்னாங்க. உங்க வீட்டுக்கு வரப்ப உங்கப்பா கூண்டத் தூக்கி பாத்ரூமுக்குள்ள வச்சுட்டாரு. அது சும்மா இருக்குதா? உள்ளேருந்து 'யாரு வந்துருக்கா, யாரு வந்துருக்கா'ன்னு ஒரே கத்தல். அந்தப் பையன் பேனாவ நிறுத்திட்டு முழிக்கிறான். நான் சட்டுனு, எங்க மாமியார் குளிக்கிறாங்க தம்பி, நீங்க கெளம்புங்கன்னு சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். போனில் அப்பாவின் உதடும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

டாக்டர் தினமும் காலையில் வந்து எங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார். நல்லவிதமாகப் பழகினார். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தேன்: பக்கவாதம் வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. அவர் பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கடைசி ஷெட்டும் காலியான அன்று சாயங்காலம் நான் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது டாக்டர் உள்ளே வந்தார். அக்கா சமையலறைக்குப் போயிருந்தார். போன் மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தது. திரையில் அப்பாவின் தோள் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அந்தக் குரல் வந்தது.

"யாரு வந்துருக்கா?"

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா பேசுறாரு! பேச மாட்டாருன்னு சொன்னீங்களே!"

"ஆமா... இப்பதான்... எப்பவாவது," என்று உளறினேன்.

"யாரு வந்துருக்கா? யாரு வந்துருக்கா?" என்றது அது. சும்மா இருந்ததா? சீட்டியும் அடித்தது. பஸ்ஸைக் கிளப்பக் கண்டக்டர் அடிக்கிற ரெட்டைச் சீட்டி. எந்த மனுஷ உதட்டாலும் அவ்வளவு கூர்மையாக அடிக்க முடியாது.

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. நான் போனை அணைத்தேன்.

"அக்கா," என்றார் டாக்டர். அப்போதும் குரல் உயரவில்லை. "அதனாலதான் வீட்டுக்குப் போகலையா?"

"நான்தான் போகவே இல்லையே மேடம்!" எனக்கு வெறி வந்தது. "நோட்டீஸ் ஒட்டின நாள்லேருந்து இந்த அறைலதான கெடக்கிறேன். அதத் தொடல, பாக்கல. அத விட்டுடுங்க. உங்களுக்கு எத்தன கோழி எடுத்துக் குடுத்தேன்? என் கையாலதான குடுத்தேன்?"

"நோட்டீஸ் ஒட்டினதுக்கு முன்னாடி?"

நான் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"கோழி சாகுறதுக்குப் பல நாள் முன்னாடியே கிருமி ஷெட்டுல வந்துருக்கும். அப்ப எல்லாம் தினமும் வீட்டுக்குப் போனீங்க." அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சாயங்காலம் சரியா குளிச்சுட்டுப் போயிருந்தா பெரிசா பயமில்ல. தலைக்குக் குளிச்சுட்டுத்தான போனீங்க?"

இங்கேதான் நான் செத்தேன். எங்கள் பண்ணையில் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. காலையில் உள்ளே வரும்போது தலைக்குக் குளிப்போம், கோழிக்காக. சாயங்காலம் வெளியே போகும்போது பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்வோம். இடுப்பு வரை முடி இருக்கிறவள் ரெண்டு வேளையும் நனைத்தால் காய்வது எப்போது? ஈரத்தலையோடு வேனில் ஏறினால் சளி பிடிக்கும். உள்ளே வரும்போதுதானே முக்கியம், போகும்போது என்ன வந்தது என்று எங்களுக்குள் ஒரு நியாயம். ஷெட்டுத் தூசு முழுக்கத் தலையில்தான் இருக்கும். வீட்டுக்குப் போனதும் நான் முதலில் செய்கிற காரியம், பால்கனியில் நின்று கொண்டையை அவிழ்த்து உதறுவது. மைனா என் தோளில் வந்து உட்கார்ந்து முடியை ஒவ்வொன்றாக இழுத்து விளையாடும்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நீலம் பாய்ந்த கொண்டைகளைப் பார்த்திருந்தேனே.

"இல்ல," என்றேன். "தலைக்குக் குளிக்கல. ஒருநாளும் குளிக்கல."

டாக்டர் கட்டிலை விட்டு எழுந்தார். "அப்ப நான் விட முடியாது அக்கா. விடுற அதிகாரம் எனக்கு இல்ல. இருந்தாலும் விட மாட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று தேடினேன். ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. "எங்கப்பாகிட்ட நானே சொல்றேன்," என்றேன். "சொன்னதுக்கு அப்புறம் ஆள அனுப்புங்க. அதுவாவது செய்யுங்க." அது டாக்டர் செய்யக் கூடாத காரியம்தான். அவர் இரக்கப்பட்டுச் சரி என்றார். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தலையாட்டவில்லை. திடீரென்று போன் கவிழ்ந்து கூரை மட்டும் தெரிந்தது.

மத்தியானம் அதிகாரிகள் போனபோது கூண்டு திறந்து கிடந்தது. மைனா எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தது. அப்பா பால்கனியில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

டாக்டர் ஓடி வந்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "பறந்து போயிட்டா எங்க போகும், எதோட சேரும்னு யாருக்குத் தெரியும்? பொழுது சாயறதுக்குள்ள பிடிக்கலேன்னா அந்தத் தெருவுல இருக்கிற எல்லாப் பறவையையும் எடுக்கச் சொல்லிட்டாங்க. அடுத்த தெருவையும் சேத்து. அந்தப் பக்கம் ரெண்டு பண்ணை இருக்கு அக்கா. அதையும் மூட வேண்டி வரும்." போனை என் கையில் திணித்தார். "நாங்க வலை எடுத்தாலே அது எழும்பிடுது. உங்கப்பா ஒருத்தரால மட்டும்தான் முடியும். பேசுங்க."

பக்கத்து வீட்டு அக்கா வீடியோவைப் பிடித்திருந்தார். படம் ஆடிக்கொண்டே இருந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் அறைக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பால்கனியில் அப்பா இருந்தார். வெயில் இறங்கிவிட்டது. மைனா வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம். தொட்டியிலிருந்து எழும்பி ஒரு வட்டம் போட்டுவிட்டு நேராக வந்து கூண்டின்மேல் உட்கார்ந்தது. எங்கே போகும்? கண் திறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். அப்பாவைப் பார்த்து, "யாரு வந்துருக்கா?" என்று கேட்டது. அப்பா பதில் சொல்லவில்லை. அது தலையைச் சாய்த்து அவரையே பார்த்துவிட்டு, ஒரே தாவில் கூண்டுக்குள் போய்த் தன் கிண்ணத்தைக் கொத்த ஆரம்பித்தது.

கதவு திறந்தே இருந்தது. அப்பாவின் கைக்கு ஒரு சாண் தூரம். அவர் கையைக் கட்டியபடியே இருந்தார்.

"அப்பா," என்றேன். "கதவ சாத்துங்கப்பா."

அசையவில்லை. சுவரோரம் நின்ற ஒருவன் காலை எடுத்து வைத்தான். மைனா கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கியது. அவன் அப்படியே உறைந்துபோனான்.

"அப்பா, என்னத் திட்டுங்க. நான்தான் கொண்டுவந்தேன். என் தலைமுடிலதான் வந்துச்சு. அது வெளிய போனா பிழைச்சுக்கும்னு நெனைக்கிறீங்க. பிழைக்காதுப்பா. நான் பாத்தேன். கழுத்து தொங்கிடும், மூச்சு திணறும், ரெண்டு நாள் கெடந்து சாகும். அதுவும் எங்கயோ ஒரு சாக்கடை ஓரத்துல, நீங்க இல்லாம. சாகுறதுக்குள்ள இன்னும் எத்தனைக்குக் குடுத்துட்டுப் போகும். அக்கா கோழிய எல்லாம் எடுத்துருவாங்க. அவங்கதான உங்களுக்குச் சோறு போடுறாங்க. சாத்துங்கப்பா. உங்க காலப் புடிச்சுக் கேக்கிறேன்."

அக்கா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார். டாக்டர் என் தோளைத் தொட்டார், நான் தட்டிவிட்டேன்.

மைனா சாப்பிட்டு முடித்து அலகைக் கம்பியில் துடைத்தது. இனி வெளியே வரும். வந்தால் அப்பாவின் தோளுக்கு, அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும். அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். நல்ல கையை அல்ல, வாதம் அடித்த கையை. அது மெதுவாக, தடுமாறிக்கொண்டு போனது. மைனா பயப்படவில்லை, அந்தக் கையைக் கண்டு அது என்றைக்குப் பயந்தது? விரலைச் செல்லமாக ஒரு கொத்துக் கொத்தியது. அவர் விரலை உருவிக்கொண்டு கதவைத் தள்ளினார். கொக்கி மாட்ட ரெண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டது.

வெள்ளை உடுப்புக்காரர்கள் சத்தமில்லாமல் வந்து கூண்டின்மேல் துணியைப் போட்டார்கள். துணிக்குள்ளிருந்து ரெட்டைச் சீட்டி ஒன்று கேட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். படியிறங்கும் சத்தமும் வேன் கதவுச் சத்தமும் அக்காவின் போனில் எனக்குக் கேட்டன.

அப்பா எழுந்து வந்து அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. என்னை நேராகப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்தது. ஒவ்வொரு எழுத்தாக, குளறாமல் வர வேண்டும் என்று பாடுபட்டு, அந்தப் பழைய தொண்டையில் சொன்னார்.

"சாத்திட்டேன். போதுமா?"

அப்பா வாயை மூடிய நாளிலிருந்து, அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தையாவது பேசிவிட மாட்டாரா என்று நான் ஏங்காத நாள் கிடையாது. பேசிவிட்டார்.